வாய் திறக்காத பெட்டி

ஆம்பூரில் இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் கிடங்கில் வேலாயுதத்துக்கு இரண்டு வேலைகள் இருந்தன. பதனிட்டு எண்ணெய் பூசிய தோல்களை அடுக்கி, அழுத்தி, கயிறு போட்டுப் பட்டணத்துக்கு அனுப்பும் கட்டுகளாக்குவது சம்பளத்துக்குச் செய்த வேலை. சாயபு வீட்டிலிருந்து வெளியூருக்குப் போகும் உடையக்கூடிய சாமான்களைக் கள்ளிப்பெட்டியில் வைத்துக் கட்டுவது பெயருக்குச் செய்த வேலை. சம்பளத்தைவிட அந்தப் பெயர்தான் அவனுக்குப் பெரிது.

விளக்குச் சிம்னியோ ஊறுகாய் ஜாடியோ அத்தர் குப்பியோ, அவன் கையால் கட்டியது ரயிலேறி, கூலியாளின் தலையேறி, மாடிப்படி ஏறினாலும் முழுசாகவே போய்ச் சேரும். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தான். தோலின் உட்புறத்தைக் கத்தியால் சீவும்போது உதிரும் சீவலை வெயிலில் காயவைத்து மூட்டையாகக் கட்டி வைத்திருப்பான். பெட்டியின் அடியில் வைக்கோல், அதற்கு மேல் இந்தச் சீவல். வைக்கோல் ஒரு தரம் அமுங்கினால் அமுங்கியதுதான். சீவல் அமுங்கும், மறுபடி எழும்பும். தட்டுகளைப் படுக்க வைக்க மாட்டான். ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி நிறுத்தித்தான் வைப்பான்.

"படுத்துக்கினு இருந்தா மேல இருக்கிற பாரம் பூரா அது நெஞ்சு மேல. நின்னுக்கினு இருந்தா யாரு இன்னா பண்ண முடியும்?" என்பான்.

மூடியை அறைந்த பிறகு கடைசியாக ஒரு சோதனை. பெட்டியின்மேல் காதை வைத்து இரண்டு கையாலும் ஆட்டுவான். உள்ளேயிருந்து எள்ளளவு சத்தம் வந்தாலும் ஆணியைப் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து கட்டுவான். பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. அது அவன் சட்டம்.

வண்டிக்காரன் கோவிந்தசாமி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். "ஊட்ல பொண்டாட்டியவும் இப்பிடித்தான் வெக்கோல் சுத்தி நிக்க வெச்சிருக்கியா? காத வெச்சு ஆட்டிப் பாக்கறப்போ அதுவும் பேசாதா?"

"அது ஒண்ணுதாண்டா நான் எப்பிடிக் கட்டினாலும் பேசுது," என்பான் வேலாயுதம்.

கோவிந்தசாமியுடையது சாயபு வீட்டு வண்டி. வீட்டுப் பெண்கள் வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகும்போது மூடி மறைக்க, பச்சைச் சீட்டித் துணியில் திரை தைத்து மாட்டியிருந்தான். அந்தத் திரைக்குத் தூசி படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய கர்வம்.

சாயபுவின் மகள் ரஃபத் ஜஹானைப் பட்டணத்தில் பெரியமேட்டில் கொடுத்திருந்தார்கள். கல்யாணமெல்லாம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். சீர்ப் பாத்திரங்களில் பீங்கான் மட்டும் பின்னால் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் பிற்பகல் வேலாயுதம் பெட்டியும் வைக்கோலுமாகச் சாயபு வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தான். சாயபுவின் மனைவி அஜீஸுன்னிசா பேகம் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சாமானாக வெளியே நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. குரலைத் தெரியும், கண்ணாடி வளையல் போட்ட கையைத் தெரியும்.

எல்லாம் கொடுத்து முடித்த பிறகு அந்தக் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வெளியே வந்தது. ஓரத்தில் ஒரு நீலக்கோடு, வேறு அலங்காரம் கிடையாது.

"வேலாயுதம், இது ஓதி எழுதற பீங்கான். உனக்குத் தெரியுமில்ல?"

தெரியாமலா? வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டாலும் பிரசவ வலி நீண்டாலும் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, குங்குமப்பூ கரைத்த நீரில் பேனாவைத் தோய்த்து அந்தத் தட்டில் ஓதி எழுதுவார். எழுத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். பேகத்தின் தாய் வீட்டிலிருந்து வந்த தட்டு. அதிலிருந்து பேகம் குடித்த பிறகுதான் ரஃபத் ஜஹான் பிறந்தாள். வேலாயுதத்தின் மனைவி அமிர்தவள்ளி தலைப்பிரசவத்தில் துவண்டு கிடந்தபோது, பேகம் அதே தட்டில் எழுதிக் கரைத்த தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கோவிந்தசாமியிடம் கொடுத்தனுப்பினாள். விடியும் முன்னே பிள்ளை அழுதது.

"பொண்ணுக்கும் நாளைக்கு ஒரு நேரம் வருமே, அவகிட்டேயே இருக்கட்டும்," என்றாள் பேகம். "ஆனா எண்ணெய்க் கையோட இதைத் தொடாதே. கெணத்தடிக்குப் போயி சீயக்கா போட்டுக் கழுவிட்டு வந்து எடு. இது ஒண்ணுதான் நான் கேக்கறது."

"ஆகட்டும் பீபிம்மா."

தட்டைச் சீவல் மூட்டையின்மேல் வைத்துவிட்டு பேகம் சாயங்கால அஸர் தொழுகைக்கு உள்ளே போனாள். வேலாயுதம் மற்றதையெல்லாம் கட்டி முடித்தான். அந்தத் தட்டுக்கு மட்டும் நடுவில் இடம் விட்டு வைத்திருந்தான்.

வெளியே கோவிந்தசாமியின் குரல். "டேய் வேலாயுதம்! பொண்ணே புருஷன் ஊட்டுக்குப் போயி குடித்தனம் பண்றா, அவ பொட்டிக்கு இன்னும் மொகூர்த்தம் வரலியா? பார்சல் ஆபீஸ்ல பூட்டு போட்டான்னா நாளைக்குத்தான்!"

"தோ, ஆச்சு!"

கிணறு கிடங்குக்குப் பின்னால், சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி இருந்தது. காலையிலிருந்து புங்கெண்ணெய் பூசிய தோல்களைக் கட்டிய கை அவனுடையது. வேட்டியில் துடைத்தான். நன்றாகத்தான் துடைத்தான். ஆனால் தோல் வேலைக்காரனின் கையில் எண்ணெய் மேலோடு மட்டுமா இருக்கும்? ரேகைக்குள் இறங்கியிருக்கும். அது அவனுக்குத் தெரியாததல்ல.

கீறல் இருக்கிறதா என்று வழக்கப்படி விரலால் சுண்டிப் பார்க்கத் தட்டைத் தூக்கினான். சுண்டவே இல்லை, அதற்குள் வழுக்கிவிட்டது. பெட்டியின் விளிம்பில் பட்டுச் சீவல்மேல் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. குனிந்து பார்த்தான். மூன்று துண்டுகள்.

"பீபிம்மா" என்று கூப்பிட வாயெடுத்தான். உள்ளே தொழுகை முடியவில்லை. முடியட்டும் என்று நின்றான். நின்ற அந்த நேரம்தான் அவனைக் கெடுத்தது. 'கை கழுவினியா?' என்று கேட்பாள். அந்தக் கேள்வி ஒன்றே போதும். இத்தனை நாள் சேர்த்த பெயர் இந்தக் கூடத்திலேயே கொட்டிப் போகும்.

ரயிலில் எத்தனையோ உடைகிறது, ரயிலை யார் போய்க் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. யார் தலையிலும் விழாத குற்றமாக அது அப்போது அவனுக்குப் பட்டது.

மிச்சமிருந்த துணி போதாது. மேல்வேட்டியிலிருந்து ஒரு முழத்தைக் கிழித்தான். அதை மூன்றாகக் கிழித்தான். உடைந்த பீங்கானின் ஓரம் கத்தி மாதிரி. பக்கத்தில் நிற்கும் நல்ல தட்டைக் கீறிவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றி, முனையைச் செருகி, காலியாக விட்ட இடத்தில் மூன்றையும் நிறுத்தி, சுற்றிலும் சீவலைத் திணித்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. மூடியை அறைந்தான். காதை வைத்து ஆட்டினான்.

பெட்டி வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆள் தோல் பார்க்க வந்தான். சாயபு வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பேச்சுவாக்கில் சொன்னான்: பீங்கான் எல்லாம் பத்திரமாக வந்தது, ஓதி எழுதும் தட்டு ஒன்றுதான் உடைந்துவிட்டதாம், சின்ன பீபி சொல்லச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் ஒருமுறை கேட்டது.

சாயபு கிடங்குக்கு வந்தார். வேலாயுதம் எழுந்து நின்றான். அவரோ அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"இவன் கட்டினது உடைஞ்சுதுன்னா யாரோ பெட்டியைக் கீழே போட்டிருக்கணும். கோவிந்தசாமியைக் கூப்பிடு."

கோவிந்தசாமி வந்து நின்றான். சங்கதியைக் கேட்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஆமா மொதலாளி," என்றான். "ரயில்வே கேட்டுகிட்ட சக்கரம் பள்ளத்துல எறங்கிச்சு. பொட்டி ஒரு தரம் எகிறிக் குதிச்சுது. வேலாயுதம் கட்டினதாச்சே, ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்லாம இருந்துட்டேன். நான்தான் ஒடச்சுட்டேன் மொதலாளி."

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். குனிந்து, காலடியில் கிடந்த தோல் கட்டின் கயிற்றை இறுக்கத் தொடங்கினான்.

"பட்டணத்துல போயா வாங்க முடியும் அதை?" என்றார் சாயபு. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் அந்தக் குரலில். "இனிமே வீட்டு சாமானும் வேணாம், வீட்டு ஜனமும் வேணாம் உன் வண்டியில. பட்டை மூட்டை ஏத்திக்க."

கோவிந்தசாமி பச்சைத் திரையைக் கழற்றி மடித்து வீட்டில் வைத்தான். மறுநாளிலிருந்து தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டை ஏற்றினான். கேலியெல்லாம் நின்றுபோயிற்று. வேலாயுதம் பெட்டி கட்டும்போது எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

ஒரு வாரம் கோவிந்தசாமியைக் காணோம். திரும்பி வந்தபோது மொட்டைத் தலை, நெற்றியில் நாமம். சோளிங்கர் நரசிம்மர் மலையேறி வந்திருந்தான்.

"எதுக்குடா இது?" என்றான் வேலாயுதம்.

"சாமி பேரு எழுதற தட்டுடா. எந்த சாமியா இருந்தா இன்னா, சாமிதானே? ஒடச்ச பாவம் என் புள்ளகுட்டி மேல போவக் கூடாதுன்னு முடி குடுத்துட்டு வந்தேன்."

"உன்னாலதான் ஒடஞ்சுதுன்னு இன்னா நிச்சயம்?"

கோவிந்தசாமி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "வேற யாரால? நீ கட்டினா ஒடையுமா?"

துண்டை விரித்து, அதிலிருந்து கொஞ்சம் பொங்கலை இலையோடு நீட்டினான். "பிரசாதம். அண்ணிக்கும் குடு."

அதை வேலாயுதம் வீட்டுக்குக் கொண்டுபோனான். அமிர்தவள்ளி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். "ஆயிரம் மொட்டை அடிச்சா ஒட்டிக்குமா அது? அந்தத் தண்ணி மட்டும் வரலன்னா நானும் இல்ல, நம்ம கொழந்தையும் இல்ல. மாட்டைப் பாத்து ஓட்ட மாட்டானா அந்த மனுசன்?" என்றாள். "நீ ஏன் துன்னாம பாத்துக்கினு இருக்கே?"

"கை கழுவிக்கினு வர்றேன்," என்று எழுந்து போனான்.

அப்போதெல்லாம் ஓயாமல் கை கழுவினான். சாப்பிடும் முன், தூங்கும் முன், கிடங்குக்குள் நுழையும் முன். சீயக்காய் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்து வந்தது. எண்ணெய் வாடை மட்டும் போகவில்லை, அவன் மூக்குக்கு.

ரஃபத் ஜஹான் தலைப்பிரசவத்துக்கு ஆம்பூர் வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனிலிருந்து வாடகை வண்டி கொண்டுவந்து விட்டது. வந்த மறுநாள் வேலாயுதத்தை முன்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூட்டை வெளியே வந்தது.

"பிரிச்சுப் பாரு வேலாயுதம்."

மூட்டை வாயை அவிழ்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று துணி முடிச்சுகள். அவன் செருகியது போலவே முனைகளைத் திரும்பச் செருகியிருந்தாள்.

"உன் வேட்டிக் கரைதானே அது?"

"ஆமா சின்ன பீபி."

"ரயில்ல உடைஞ்ச தட்டுன்னா துண்டெல்லாம் ஒரே துணிக்குள்ள கிடக்கும். இது தானா எழுந்து ஆளுக்கொரு துணி சுத்திக்குமா?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பிரிச்சதும் தெரிஞ்சுது எனக்கு. எங்க அம்மிகிட்ட நீயே சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். அதான் உடைஞ்சுதுன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது போகட்டும். ஸ்டேஷனுக்கு ஏன் கோவிந்தசாமி வண்டி வரல? சின்ன வயசுலேர்ந்து அவர் வண்டியிலதானே நான் போவேன்? அம்மிகிட்ட கேட்டா பேச்சை மாத்தறாங்க."

வேலாயுதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "யா அல்லா. அவர் மேலயா போட்டே?" என்றாள்.

"நான் போடல சின்ன பீபி. போட்டப்போ பேசாம நின்னேன்."

"ரெண்டும் வேறயா?"

அவன் மூட்டைத் துணியை மறுபடி முடிந்தான்.

"நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கிடங்கு வாசலில் கோவிந்தசாமி பட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தலையில் முடி அரும்பத் தொடங்கியிருந்தது.

"வாடா," என்றான் வேலாயுதம்.

"எங்க? மாடு நிக்குது."

"நிக்கட்டும். வா."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு கோவிந்தசாமி கேள்வி கேட்காமல் பின்னால் வந்தான். முன்கூடத்தில் சாயபு உட்கார்ந்திருந்தார். வேலாயுதம் அவர் காலடியில் மூட்டையை வைத்து, மூன்று முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலக்கோடு.

"இது வண்டியில ஒடையல மொதலாளி. ரயில்லயும் ஒடையல. இந்த எடத்துல, என் கையில ஒடஞ்சுது. ஒடஞ்சதைத்தான் கட்டி அனுப்பினேன்."

சாயபு துண்டுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியாகக் கோவிந்தசாமியின் தலையைப் பார்த்தார். அப்போது திரை அசைந்தது. பேகம் எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"வேலாயுதம். கை கழுவினியா?"

இத்தனை நாள் எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினானோ அதே கேள்வி, ஒரு எழுத்து மாறாமல்.

"இல்ல பீபிம்மா."

"சரி," என்றாள். வளையல் சத்தம் உள்ளே போய்த் தேய்ந்தது.

வெளியே வந்ததும் கோவிந்தசாமியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வேலாயுதம் தவித்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். கோவிந்தசாமி அடிக்கவில்லை. உள்ளங்கையால் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"மலை ஏறுறப்போ இன்னா வேண்டிக்கினேன் தெரியுமாடா? அவன் கட்ன பொட்டிய நான் கெடுத்துட்டேன், அவன் பேருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது நரசிம்மான்னு வேண்டிக்கினேன்." மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். "இத்தன நாளு பலிச்சுது பாரு."

வண்டி போயிற்று.

பச்சைத் திரை மறுபடி வண்டியில் ஏறியது. சாயபுவே கோவிந்தசாமியைக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்துப் பேசினாராம். வேலாயுதத்தை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தோல் கட்டினான், சம்பளம் வாங்கினான். வீட்டுச் சாமான் கட்ட மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ரஃபத் ஜஹானுக்கு வலி கண்டபோது, கடையில் வாங்கிய புதுப் பீங்கானில் ஹஜ்ரத் எழுதிக் கொடுத்தார். நல்லபடியாகப் பெண் பிறந்தது. அது வேலாயுதத்துக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால், புதுத் தட்டும் போதும் என்று ஆன பிறகுதான் அந்தப் பழைய தட்டை அவன் ஜாஸ்தியாக நினைத்தான். எதிரே வந்தாலும் கோவிந்தசாமி மாட்டைப் பார்த்தபடி போய்விடுவான்.

குழந்தையோடு ரஃபத் ஜஹான் பட்டணம் புறப்பட்டபோது பால் கிண்ணி, மருந்துக் குப்பி, அந்தப் புதுத் தட்டு என்று ஒரு பெட்டி சேர்ந்தது. பேகம் வேலாயுதத்தை வரச் சொன்னாள். ஆனால் சீவல் மூட்டையும் பெட்டியும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"நான் கட்டறேன். நீ அங்கேயிருந்து சொல்லு."

சொன்னான். அடியில் வைக்கோல், மேலே சீவல், கிண்ணிக்குள்ளேயும் சீவல் திணிக்க வேண்டும், தட்டை நிறுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து "ம்" என்று குரல் வந்தது. பெட்டி வெளியே வந்தது. மூடியை மட்டும் அவன் அறைந்தான்.

வாசலில் வண்டி பூட்டி நின்றது. கோவிந்தசாமி படியில் காத்திருந்தான். ரயிலுக்கு நேரம் கம்மி.

வேலாயுதம் குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்து ஆட்டினான். உள்ளே மிக லேசாக, 'கிணுக்' என்றது.

வேறு யார் காதுக்கும் எட்டாத சத்தம். கட்டியது அவனும் அல்ல. தூக்கி வண்டியில் வைத்துவிட்டால், ஒருவேளை முழுசாகவே போய்ச் சேரலாம். பேகம் ஆசையாக உட்கார்ந்து கட்டியதைப் பிரிக்கச் சொல்ல இவனுக்கு என்ன வாய் இருக்கிறது?

"பீபிம்மா," என்றான். "பொட்டி பேசுது. பிரிச்சுத்தான் கட்டணும்."

உள்ளே பெருமூச்சு. "ரயில் போய்டுமே."

படியிலிருந்து கோவிந்தசாமி, மாட்டைப் பார்த்தபடியே, "போவாது. நான் வெரட்டிக்கினு போயி சேத்துடறேன். பிரிச்சுக் கட்டு," என்றான். அத்தனை மாதத்தில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எது ஆடுதுன்னு எனக்குத் தெரியல," என்றாள் பேகம். "நீயே எடுத்துப் பாரு."

வேலாயுதம் சுத்தியலைக் கீழே வைத்தான். ஆணியில் கை வைக்கவில்லை. படியிறங்கி, கிடங்கைச் சுற்றி, சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, முதலில் கிணற்றடிக்குப் போனான்.